600 எம்எம் இல்லாவிட்டால் பறவை வராதா?

பேரவை மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்து நான் பெயர் கொடுத்தபோது, மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழி, "தலைப்பு என்னடி? பெண் கல்வியா, செல்போனால் சீரழியும் மாணவ சமுதாயமா?" என்று கேட்டாள். "டெலிபோட்டோ லென்ஸ்" என்றேன். "அது சிலபஸ்லயே இல்லையே!" என்றாள்.

இல்லைதான். ஆனால் போன ஒரு வருஷமாக என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த விஷயம்தான். அரியர்கூட என்னை அவ்வளவு பாடு படுத்தவில்லை. நம் கல்லூரியில் பறவைப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கப்போகிறவர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களுக்காகவாவது எழுதி வைக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-லிருந்து ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடந்து வருவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். போன முறை நானும் தன்னார்வலராகப் போனேன். கையில் நோட்டு, கழுத்தில் யாரோ கொடுத்த பைனாகுலர். என் குழுவில் நம் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவரும் இருந்தார். அவர் தோளில் தொங்கியது 150-600 எம்எம் லென்ஸ். சின்னப் பீரங்கி மாதிரி இருந்தது. "அண்ணா, நான்கூட பறவை போட்டோ எடுக்கலாம்னு இருக்கேன், என்ன லென்ஸ் வாங்கணும்?" என்று கேட்டேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "600 இல்லாம பறவை எடுக்க வராதும்மா. அதுக்குக் கீழ வாங்குறது எல்லாம் வேஸ்ட்."

இந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு அதே லென்ஸை ஒரு நாள் முழுக்க என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஆடு மேய்ப்பு, நாற்பது உருப்படி. அம்மா பீடி சுற்றுகிறார்கள். கேமரா எப்படி வந்தது என்றால், சின்ன மாமா கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் புது கேமரா வாங்கியதும், ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கேனான் 700டி பாடியை, "ஷட்டர் என்னைக்குப் போகுதோ அன்னைக்கு வரைக்கும் வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். கூட வந்தது 18-55 லென்ஸ். கல்யாண மேடைக்கு அது சரி. குளத்துக்குக் கொண்டுபோனால் கொக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு மாதிரிதான் விழும்.

புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் ஆயிரம் வந்துகொண்டிருந்தது. பஸ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு போக மிச்சம் பிடித்து 12,000 ரூபாய் சேர்த்திருந்தேன். அதில் முதல் 4,000-ஐ எப்படித் தொலைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கடையில் (பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும்) பழைய 75-300 லென்ஸ் ஒன்று கிடைத்தது. 300 என்ற எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. அதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐஎஸ் வசதி கிடையாது. அது பரவாயில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடிக் கிடந்தது! வெயிலுக்கு எதிராக எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போகும். திருப்பிக் கொடுக்கப் போனேன், எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1,500-க்கு வேறொரு ஆளிடம், பூஞ்சை இருக்கிறது என்று சொல்லியே கொடுத்தேன்.

அந்த எரிச்சலில்தான் அண்ணன் சொன்ன 600 மண்டைக்குள் ஏறிக்கொண்டது. வாங்கினால் பெரிசாக, ஒரேயடியாக வாங்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்த வகை லென்ஸ் புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பழசு கிடைத்தாலும் நம் கைக்கு எட்டாது. அம்மா இருக்கிற மகளிர் குழுவில் கடன் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அம்மா மறுக்கவே இல்லை. "படிப்புக்கா, ஏட்டி?" என்று மட்டும் கேட்டார்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். பாதிப் பொய்.

குழுக் கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி, அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 800 பீடி ஓடும். அந்தக் கூலியை ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும், ஒரு லென்ஸுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் சுற்ற வேண்டும். விரல் நுனியெல்லாம் இலை அறுத்த கோடு. இதை உருக்கத்துக்காக எழுதவில்லை. கணக்கு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ராத்திரியே முதல் வருஷ பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்தேன். லென்ஸ் பாடத்தில் உருப்பெருக்கம் என்று ஒன்று படித்தோமே, பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோனோமே, அதுதான். தூரத்தில் இருக்கும் பொருளுக்கு அதைச் சுருக்கி இப்படி வைத்துக்கொள்ளலாம்: லென்ஸின் குவியத் தொலைவைப் பறவையின் அளவால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால், சென்சார் மேல் விழும் பிம்பத்தின் அளவு வந்துவிடும். அவ்வளவுதான்.

போட்டுப் பாருங்கள். சிறு நீல மீன்கொத்தியின் நீளம் 16 செ.மீ. அது 10 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. 250 எம்எம் லென்ஸில் பிம்பம் 4 மில்லிமீட்டர். என் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மில்லிமீட்டர், அதில் 5184 புள்ளிகள். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 232 புள்ளி. ஆக, மீன்கொத்திக்குக் கிடைப்பது 930 புள்ளிகள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில், இந்த மலரில் பறவையை மட்டும் மூன்று அங்குலத்துக்கு அச்சடிக்கலாம்! ஒரு பத்தி அகலம். அதுக்கு மேல் நமக்கு என்ன வேண்டும்?

600 எம்எம் போட்டால் அதே மீன்கொத்தி 9.6 மில்லிமீட்டர். சந்தேகமே இல்லை, பெரிசுதான். ஆனால் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். 250 எம்எம் லென்ஸோடு 5 மீட்டருக்குப் போய்விட்டால் 8 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் லென்ஸ் இரண்டு மடங்கு ஆகிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல். கடைக்காரர் இந்த வாய்ப்பாட்டின் மேல் பகுதியை மட்டும்தான் விற்கிறார். கீழ்ப் பகுதி நம் காலில் இருக்கிறது.

விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பதும் வகுத்தலில்தான் இருக்கிறது. எஃப் எண் என்பது குவியத் தொலைவை லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 600 எம்எம்முக்கு எஃப்/6.3 வேண்டுமென்றால் 95 மில்லிமீட்டர் துளை வேண்டும். எஃப்/4 வேண்டுமென்றால் 150 மில்லிமீட்டர். சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்குக் குறையில்லாமல் கடைந்த கண்ணாடி! 55-250 எஸ்டிஎம் லென்ஸின் எடை 375 கிராம். 150-600 லென்ஸ்களில் இலேசானவையே 1,900 கிராமுக்கு மேல். நிக்கானின் 200-500 லென்ஸ் 2,300 கிராம். இன்னொன்றைக் கவனியுங்கள். சின்ன லென்ஸ் என்றால் வெளிச்சம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். 55-250 லென்ஸ் 250-இல் எஃப்/5.6. அந்தப் பெரிய லென்ஸ் 600-இல் எஃப்/6.3. வெளிச்சக் கணக்கில் சின்னதுதான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி அப்போது இதுதான்: 5 மீட்டருக்கு மீன்கொத்தி விடுமா?

எனக்கு விடை சொன்னது அப்பா. கடன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மீதிப் பணத்தில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பழைய 55-250 எஸ்டிஎம் ஒன்றை 8,500-க்கு வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் குளத்துக்குப் போய் நெடுங்கால் உள்ளான்களைப் பார்த்து நேராக நடந்தேன். ஐம்பது மீட்டர் இருக்கும்போதே எல்லாம் எழுந்து போய்விட்டன. ஆள்காட்டி வேறு தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தி ஊரையே கூட்டியது. அப்பா கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஏட்டி, திருடன் மாதிரி பதுங்கிப் பதுங்கிப் போனா அதுக்குச் சந்தேகம் வராதா? ஆட்டோட ஆடா வா."

போனேன். ஆடு மேய்கிற வேகத்தில்தான் நடக்க வேண்டும். ஆடு நின்றால் நிற்க வேண்டும். பறவையைப் பார்க்காத மாதிரி சைடாகப் போக வேண்டும். ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், சேறானால் ஆகட்டும் என்று. முக்கால் மணி நேரத்தில் உள்ளானுக்கும் எனக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அது பாட்டுக்குச் சேற்றைக் குத்தித் தின்றுகொண்டிருந்தது. உண்ணிக்கொக்கு என் காலுக்குப் பக்கத்திலேயே ஆட்டோடு நடந்து வந்தது. அதற்கு லென்ஸே அதிகம், 100 எம்எம்முக்குச் சுருக்க வேண்டியிருந்தது. இருபது வருஷமாக அப்பா தினமும் அந்தக் குளத்தில் நடக்கிறார்கள். அங்கே உள்ள பறவைகளுக்கு அவர்களைத் தெரியும்.

இது என் அப்பா கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1890-களிலும் 1900-ஐ ஒட்டியும் இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி இதையே செய்திருக்கிறார்கள். மாட்டுத் தோலைப் பாடம் பண்ணி உள்ளே வெற்றிடமாகச் செய்த பொம்மை மாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பறவைகளைப் படம் எடுத்தார்கள்! அவர்களும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். 1892-இல் பறவைக்கூட்டை முட்டையோடு படம் எடுத்தவர்கள். அவர்களிடம் 600 எம்எம் இருந்ததா?

நம்ம ஊர்க்காரரையே சொல்லலாமே. மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தே நாடறிந்தவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ் என்று தானே சேர்த்து மாட்டிய கருவியைத்தான் காட்டுக்குத் தூக்கிப் போனார். மெக்கானிக்கல் பிரிவுத் தோழர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

மீன்கொத்திக்கு ஆடு தேவையில்லை. அதற்கு வழக்கமாக உட்காரும் கொப்பு ஒன்று இருக்கும். எங்கள் குளத்து மடைக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த கருவேலங்கொப்பு. அதிலிருந்து ஆறு மீட்டரில், விடியும் முன்னே போய் உட்கார்ந்துவிட்டேன். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, உமி நிரப்பித் தைத்த மூட்டைதான் என் ஸ்டாண்டு. மூன்று ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாலாவது ஞாயிறு உட்கார்ந்தது. ஆறரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் பிம்பம், 1,500 புள்ளி. அந்தப் படம்தான் பேரவை அறையில் மாட்டியிருக்கிறது. நெட்டில் எடுத்தது என்று யாரோ அதன் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் என்னை வந்து பார்க்கவும்.

கூந்தன்குளம் போனவர்களுக்கு நான் சொல்வது இன்னும் நன்றாகப் புரியும். நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் பட்டியலில் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அங்கே தண்ணீர் இருக்கிற வருஷத்தில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். தெருவில் நின்றால் பதினைந்து மீட்டரில் நாரை. ஒரு மீட்டருக்குப் பக்கமான உயரம். 250 எம்எம்மில் கணக்குப் போட்டால் பிம்பம் 15 மில்லிமீட்டருக்கு மேல். என் சென்சாரின் உயரமே 14.9 தான். கால் வெட்டுப்படும்! அந்தத் தெருவில் 600 எம்எம்மை வைத்துக்கொண்டு நாரையின் மூக்கைத்தான் எடுக்க முடியும்.

ஆனால் அண்ணன் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் லென்ஸைக் கொடுத்த நாள் நாங்கள் போனதும் கூந்தன்குளம்தான். தெருவில் இல்லை, குளத்தங்கரையில். நடுத் தண்ணீரில் வரித்தலை வாத்துக் கூட்டம். இமயமலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வருகிற பறவை. கரையிலிருந்து 120 மீட்டராவது இருக்கும். அங்கே ஆட்டையும் கூட்டிக்கொண்டு போக முடியாது, சரணாலயத்துக்குள் இறங்கி நடக்கவும் கூடாது. என் லென்ஸில் வாத்து 1.6 மில்லிமீட்டர். தலையில் உள்ள இரண்டு கறுப்புக் கோடுகூடச் சரியாகத் தெரியவில்லை. அவர் லென்ஸில் 3.8 மில்லிமீட்டர், கோடு கணக்காகத் தெரிந்தது. நடந்து தூரத்தைக் குறைக்க முடியாத இடத்தில் லென்ஸ்தான் நடக்க வேண்டும். இதை மறுக்க மாட்டேன். கழுகு, பருந்து, வலசை வாத்து இவைதான் உங்கள் ஆசை என்றால் 250 உங்களுக்குப் பற்றாது.

அதுவும் எட்டரை மணி வரைதான். வெயில் ஏறினதும் தண்ணீருக்கு மேல் கானல் நெளிய ஆரம்பித்தது. தார் ரோட்டில் பார்ப்போமே, அதே. பிறகு எடுத்த நூற்றுச் சொச்சம் படத்தில் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. ஃபோகஸ் தப்பு என்று முதலில் நினைத்தோம். நடுவில் உள்ள காற்றே அலையும்போது லென்ஸ் என்ன செய்யும்? தூரம் கூடக் கூட அந்தக் காற்றும் கூடத்தானே செய்கிறது. பத்து மணிக்கு என் தோள் கழன்றுவிட்டது. இரண்டு கிலோவைக் கையில் பிடித்து, பறக்கிற பறவையைத் தொடர்வது எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. அண்ணனும், "உண்மையைச் சொன்னா, வாங்கினதிலிருந்து மாசம் ஒரு தடவைதான் வெளியே எடுக்கிறேன்" என்று ஒத்துக்கொண்டார். தவணை மட்டும் மாசம் தவறாமல் போகிறதாம்.

கிட்டே போங்கள் என்று நான் எழுதுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சின்ன லென்ஸ்காரன் கூட்டுக்கு மிக அருகில் போய்விடுவான். இதை நினைக்காமல் நான் எழுதவில்லை. ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடும். கோடை வெயிலில் தாய் எழுந்து போய்விட்டால் முட்டை வெந்துபோகும். அதனால்தான் அது வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருகிறது. அதை எழுப்பிவிட்டு எடுத்த படத்தை எந்த மலரில் போட்டாலும் நான் பார்க்க மாட்டேன். கூடு என்றால் நான் கேமராவை எடுப்பதே இல்லை. கூந்தன்குளம் தெரு மாதிரி, மனிதர் நடமாட்டத்துக்குப் பழகி அதுவாகவே நம் பக்கத்தில் கட்டியிருந்தால் மட்டும், வழியில் நின்று எடுக்கலாம். மற்ற இடத்தில் பறவை கழுத்தை நீட்டி விறைத்துப் பார்த்தால் நம் தூரம் அவ்வளவுதான் என்று அர்த்தம். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு. ரொம்ப நீட்ட மாட்டேன்.

நம் கைக்கு எட்டுவது பழைய லென்ஸ்தான். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் 55-250 எஸ்டிஎம். நிக்கான் என்றால் ஏஎஃப்-பி 70-300 விஆர், அதுவும் நானூறு கிராம் சுமார்தான். ஆனால் நிக்கான்காரர்கள் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸ் டி90 மாதிரி பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. மறுபக்கம், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால், டி3000, டி5000 வரிசை பாடிகளில் மோட்டார் இல்லாததால் கையால்தான் திருக வேண்டும். கையால் திருகி மீன்கொத்தியைப் பிடிக்கிற பொறுமை இருந்தால் வாங்குங்கள், எனக்கு இல்லை. புது மிரர்லெஸ் பாடிக்கு வந்த ஆர்எஃப் லென்ஸ் நம் பழைய கேனானில் மாட்டவே மாட்டாது.

இன்னும் கொஞ்சம் காசு சேர்க்க முடிந்தால், அல்லது வேலைக்குப் போன பிறகு, நான் வாங்க ஆசைப்படுவது 600 இல்லை. 1993-இல் வந்த கேனான் 400 எம்எம் எஃப்/5.6. ஜூம் கிடையாது, ஐஎஸ் கிடையாது, 1,250 கிராம்தான். பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/1600-க்கு மேல் வைத்துவிட்டால் ஐஎஸ் இல்லாதது பெரிய குறையே இல்லை. ஐஎஸ் நம் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பறவையின் சிறகை நிறுத்தாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஆரம்பத்தில் 1/125-இல் வைத்து எத்தனை படத்தைப் பாழாக்கினேன்!

டெலிகன்வெர்ட்டர் போட்டால் போதுமே என்பார்கள். 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப். எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8 ஆகிவிடும். நம் மாதிரி பழைய பாடியில் எஃப்/5.6-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் திணறும். 300 எஃப்/4 லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 1.4 சரி, 420 எஃப்/5.6 கிடைக்கும். லென்ஸுக்கு முன்னால் திருகுகிற ஐந்நூறு ரூபாய்ச் சமாசாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்னொன்று, பாடி கிராப் சென்சார் என்பதால் 250 என்பது 400 ஆகிவிடும் என்று கடையில் 1.6-ஆல் பெருக்கிக் காட்டுவார்கள். பிம்பம் அதே 4 மில்லிமீட்டர்தான். சுற்றியிருப்பதை வெட்டிவிட்டார்கள், அவ்வளவே.

பழைய லென்ஸைக் கையில் வாங்கினதும் முதல் வேலை, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்னால் சாய்வாகப் பார்ப்பது. தூசி நாலு இருந்தால் போகட்டும், படத்தில் தெரியாது. நூல் நூலாக ஓடியிருந்தால் அது பூஞ்சை, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அடுத்து, ஒரு தினத்தாளைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, நேராக நின்று, கடைசி ஜூமில் எடுத்துப் பாருங்கள். நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கிறது. ஃபோகஸ் ஆகும்போது கரகர சத்தம் வருகிறதா என்று காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். வாங்கின பிறகு, துணி பீரோவுக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைந்து. என் டப்பா அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்கு மேல் தட்டில் இருக்கிறது. அம்மா அதைத் தொடுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார்கள்.

இப்போதும் முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு வழி. என் லென்ஸை வாங்கிப் போய்ப் பாருங்கள். கேனான் பாடி உங்களிடம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குப் பிறகு இ.சி.இ. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கேட்டால் தருவேன். திங்கள் காலை முதல் மணி அடிப்பதற்குள் திரும்ப வந்துவிட வேண்டும். ஆடு தர முடியாது. அப்பாவிடம் வேண்டுமானால் சொல்லி வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அவர்கள் கரைக்கு வந்துவிடுவார்கள்.